மாற்றுத்திறனாளி பென்ஷன் யார் வீட்டுக்குப் போகிறது?

ஆந்திராவின் நகரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் மாற்றுத்திறனாளி பென்ஷன் வருகிறது. ஒன்று தறி ஓட்டுகிறவர் வீடு. ஒன்று இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா வீடு. மூன்றாவது மாடிவீடு. இந்தப் பணம் ஏழைகளுக்குத்தானே? குடும்ப வருமானத்தை வைத்துப் பிரித்தால் வாங்குகிறவர்கள் எந்தப் படியில் எவ்வளவு பேர் இருப்பார்கள்?”

நான் இருப்பது கேரளப் பக்கம், கொழிஞ்சாம்பாறை. முன்பு கணக்கெடுப்புத் தாளோடு வீடுவீடாகப் போன ஆள். இப்போது பென்ஷன் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், தம்பி.

சுருக்கமான பதில் முதலில். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கீழ்ப்பாதியில்தான் இருப்பார்கள். ஆனால் எல்லாரும் அடிமட்டப் படியில் குவிந்திருக்க மாட்டார்கள். நடுப்படிகளிலும் கணிசமாகத் தெரிவார்கள், மேலேயும் சிலர் இருப்பார்கள். இதைப் பார்த்ததும் “ஏழை இல்லாதவன் வாங்குகிறான்” என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தப் படிக்கட்டை எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

அதற்கு முன்னால், வாங்குகிறவர்கள் மொத்தம் எவ்வளவு பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அதாவது நூற்றுக்கு 2.21 பேர். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றில் இவர்களைத் தனியாகத் தேடிக் கேட்டார்கள். மாற்றுத்திறனாளிச் சான்று வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். அரசிடமிருந்து ஏதாவது ஓர் உதவி கிடைத்ததாகச் சொன்னவர்கள் 21.8 சதவீதம். அதில் பென்ஷனும் உண்டு, ஒரு தடவை கொடுத்த மூன்றுசக்கர சைக்கிளும் உண்டு. ஆக, வாங்குகிறவர்கள் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று நாம் பேசுவது ஐந்தில் ஒருவரைப் பற்றி. மீதி நாலு பேர் அந்தப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை.

வராதவர்கள் யார் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து நடக்க முடியாத ஒருவரை பாலக்காட்டுக்குக் கூட்டிப் போய் வர வாடகை வண்டி வேண்டும், கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். “இன்றைக்கு டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்றால் அது இரண்டாகும். விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. உங்கள் பக்கம் தெலுங்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இத்தனையும் தாண்டி வருகிறவர் கையில் கொஞ்சமாவது காசும், ஆபீஸ் போய்ப் பேசத் தெரிந்த ஓர் ஆளும் இருக்கும். மிகக் கீழே கிடக்கிறவர் இந்த இடத்திலேயே நின்றுபோகிறார். ஆகவே அடிமட்டப் படியில் பென்ஷன்காரர் குறைவாகத் தெரிந்தால், அங்கே தேவை குறைவு என்று யாரும் படிக்கக் கூடாது.

அடுத்தது விதி. ஒரே நாடு, ஒரே சட்டம்தான்: 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 வகைக் குறைபாடுகள், 40 சதவீதப் பாதிப்பு என்ற அளவுகோல். சான்று எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். பென்ஷன் மட்டும் மாநில எல்லையில் நின்றுவிடும். மத்திய அரசு தன் பங்காகத் தருவது 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்த தொகை, இன்னும் அதேதான். மற்றதெல்லாம் மாநிலங்கள் போடும் பணம், மாநிலங்கள் போடும் கோடு.

கேரளத்தில் அந்தக் கோடு, குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய். கேட்டால் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே விவசாயக் கூலி நாளுக்கு 800 ரூபாயைத் தொட்டுச் சில வருடமாகிவிட்டது, ரிசர்வ் வங்கியின் கையேட்டிலேயே இருக்கிறது. 800 ரூபாய்க்கு 125 நாள் வேலை செய்தால் ஒரு லட்சம். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் கூலிக்குப் போகிற எந்த வீடும் கோட்டைத் தாண்டிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் போனால் ஆளுக்கு 63 நாள் போதும். அப்படியானால் கூலிக்காரக் குடும்பத்தில் யாருக்கும் பென்ஷன் கிடைக்கக் கூடாது, இல்லையா? கிடைக்கிறது. கேரளத்தில் முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாம் சேர்த்து நலப் பென்ஷன் வாங்குகிறவர்கள் சுமார் 62 லட்சம் பேர்.

எப்படி என்றால், வருமானச் சான்று சொல்லும் வருமானம் வேறு. நான் எழுதிய விண்ணப்பங்களில் 72,000, 84,000, 96,000 என்றுதான் சான்று வரும். பொய் எழுதுகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேங்காய் வெட்டுகிறவருக்கு மழை மாதங்களில் வேலை எத்தனை நாள் இருந்தது என்று யார் குறித்து வைக்கிறார்கள்? குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதவேண்டிய இடத்தில், கோட்டுக்கு உள்ளே வருகிற தொகையாக எழுதுவது அந்த அதிகாரியின் இரக்கம். பல வீடுகள் அந்த இரக்கத்தில்தான் சாப்பிடுகின்றன. ஆனால் இதன் விளைவு என்ன? விண்ணப்பங்களை வைத்து வருமானப் பட்டியல் போட்டால் அத்தனை பேரும் ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பார்கள், அதிலும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் செலவைக் கேட்டுப் பட்டியல் போட்டால் அதே ஆட்கள் விரிந்து கிடப்பார்கள். நம் நாட்டு மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் வருமானத்தைக் கேட்பதே இல்லை. மாதச் செலவைக் கேட்டு, அதைத் தலைக்கு வகுத்துத்தான் படி போடுகின்றன. ஆகவே ஒரு பட்டியலைப் பார்த்தால், விண்ணப்பத்திலிருந்து வந்ததா, வீட்டிலிருந்து வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

2024 நவம்பரில் கேரள நிதித்துறை ஒரு சோதனை நடத்தி, 1,458 அரசு ஊழியர்கள் நலப் பென்ஷன் வாங்கியதைக் கண்டுபிடித்தது. அநியாயம்தான், பிடிக்க வேண்டியதுதான். ஆனால் 62 லட்சத்தில் 1,458 என்பது பத்தாயிரத்துக்கு இரண்டு மூன்று பேர். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் ஊரில் கால் இல்லாத ஒருவரைப் பார்த்து “உனக்கும் நிறுத்திவிடுவார்கள்” என்று டீக்கடையில் சொன்னார்கள். அவர் அடுத்த நாள் காலையிலேயே சான்றுகளை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

ஆந்திராவில் உங்களுக்குத் தெரிந்த கதை. 2019க்குப் பிறகு வந்த விதிகளில் கிராமத்தில் குடும்ப வருமானம் மாதம் 10,000, நகரத்தில் 12,000. அதோடு நன்செய் மூன்று ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர், மின்சாரம் 300 யூனிட், சொந்தக் கார், வருமான வரி, அரசு வேலை என்று வடிகட்டிகள். வருமானத்தை நேராக அளக்க முடியாது என்று தெரிந்து, கண்ணுக்குத் தெரிகிற பொருளை வைத்து அளக்கிறார்கள். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மூச்சுக் கருவியோ உறிஞ்சும் கருவியோ இராப்பகல் ஓடும் வீட்டில் மீட்டர் மற்ற வீட்டைவிட வேகமாகத்தான் சுற்றும். நோயின் செலவு, வசதியின் அடையாளமாக எழுதப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு வருமான உச்சவரம்பே கிடையாது. பாதிப்பு எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே பொள்ளாச்சியில் ஒரு பள்ளி ஆசிரியர் மகனும் வாங்கலாம், வேலந்தாவளத்தில் அதே நிலையில் உள்ள பையனுக்கு அப்பாவின் சம்பளத்தைக் காட்டி மறுக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட். படிவாரியான பரவல் தமிழ்நாட்டில் மேல்நோக்கி நீண்டு தெரிந்தால், அது மோசடியால் வந்தது என்று சொல்ல முடியாது. விதியே அப்படி.

தொகையிலும் மூன்று மாநிலம் மூன்று மாதிரி. சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் இதே போன்ற உதவியைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை தரும் முதியோர் பென்ஷன் 1,200, மாற்றுத்திறனாளி பென்ஷன் 1,500. சரியாக 25 சதவீதம். ஆந்திராவில் 2024 முதல் முதியோருக்கு 4,000, மாற்றுத்திறனாளிக்கு 6,000, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. கேரளத்தில் 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆனது, முதியோருக்கும் அதே 2,000தான். இந்த ஒரு விஷயத்தில் என் மாநிலத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

உதவி என்று எதை எண்ணுகிறோம் என்பதும் பரவலை மாற்றிவிடும். கேரளப் பென்ஷன் வருடத்துக்கு 24,000. வருமான வரிச் சட்டத்தில், 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள ஒருவரைப் பராமரிக்கும் குடும்பம் 1,25,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம், பழைய வரிமுறையில் இருந்தால். 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதனால் மிச்சம் 37,500. அரசின் கையிலிருந்து போகும் அதே பணம்தான். அந்த வீட்டுக்குப் பஞ்சாயத்து ஆபீஸும் கிடையாது, உயிரோடு இருப்பதை நேரில் போய்க் காட்டும் மஸ்டரிங்கும் கிடையாது, “இவனுக்கு எதுக்கு” என்று கேட்கும் தெருவும் கிடையாது. இதையும் சேர்த்து எண்ணினால் மேல்படிகள் இன்னும் நிறைந்து தெரியும். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. அவர்களுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் ஏழைக்குப் போவதை மட்டும் பட்டியல் போட்டு அலசுகிறோமே என்பது உறுத்துகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு வீடு. அப்பா தேங்காய் வெட்டப் போகிறவர். அம்மா, பாட்டி, 22 வயதுப் பையன், 12 வயதுப் பெண். பையனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் உட்காருவான், தானாக எழ முடியாது. ஆள் பேசினால் முகம் பார்த்துச் சிரிப்பான். அந்த அம்மாவிடம் பெண்ணின் பழைய பள்ளி நோட்டு ஒன்று இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் செலவுக் கணக்கு. நான் விண்ணப்பம் எழுதப் போன அன்று காட்டினார்.

பேம்பர்ஸ் நாளுக்கு மூன்று, ஒன்று 35 ரூபாய். எந்தக் கம்பெனி வாங்கினாலும் எங்களுக்கு அதற்குப் பேர் பேம்பர்ஸ்தான். மாதம் 3,150. வலிப்பு மாத்திரை 850. பிசியோதெரபிக்கு வாரம் ஒரு தடவை ஆட்டோ, நாலு தடவைக்கு 1,600. பிசியோ பீஸ் 800. மொத்தம் 6,400. சில பக்கங்களில் பேம்பர்ஸ் வரி நாளுக்கு இரண்டாகக் குறைந்திருந்தது. அந்த மாதங்களில் வெட்டு குறைவு. பையனை ஈரத்தில் படுக்க வைத்த மாதங்கள் என்று அவர் சொல்லவில்லை, நோட்டு சொன்னது.

வரவு என்ன? அப்பாவின் கூலி 20 நாளுக்கு 16,000. பாட்டிக்குப் பென்ஷன் 2,000. பையனுக்கு 2,000. ஆக 20,000. ஐந்து பேருக்கு வகுத்தால் தலைக்கு 4,000. கணக்கெடுப்புக்காரன் (நான்தான், பத்து வருடம் முன்னால்) எழுதிக்கொண்டு போவது இதைத்தான். இந்த 4,000த்தை வைத்துத்தான் அந்த வீட்டுக்குப் படி. ஆனால் 6,400 போன பிறகு கையில் நிற்பது 13,600, தலைக்கு 2,720. பக்கத்து வீட்டில் அதே ஐந்து பேர், அதே 20,000 என்றால் இரண்டும் ஒரே படியில் எழுதப்படும். ஒரு வீட்டில் சனிக்கிழமை கறி எடுப்பார்கள், இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசிக்கு மேல் தேங்காய்ச் சில்லு. பட்டியலுக்கு இரண்டும் ஒன்று. செலவை வைத்துப் படி போட்டால் இன்னும் மோசம். பேம்பர்ஸுக்குப் போன காசும் மாத்திரைக்குப் போன காசும் “நன்றாகச் செலவழிக்கும் குடும்பம்” என்ற கணக்கில் ஏறிவிடும்.

வெளிநாடுகளில் தலைக்கு நேராக வகுக்க மாட்டார்கள். முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவர்களுக்கு 0.5, பதினாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 0.3 என்று எடை போடுவார்கள். ஒரே வீட்டில் இருந்தால் வாடகை, விளக்கு எல்லாம் பங்காகும் என்ற நியாயத்தில். அந்தக் கணக்கிலும் இந்தப் பையன் அரை ஆள்தான். அந்த வீட்டில் அதிகம் செலவாகும் ஆள் அவன்.

இதைச் சரியாக அளந்து காட்டியவர் வீப்கே குக்லிஸ், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பெண். அவருடைய கணக்கைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் 17.9 சதவீதம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்தால் 23.1. வித்தியாசம் ஐந்து சதவீதம்தான், பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அதே வாழ்க்கையை வாழ அந்தக் குடும்பங்களுக்கு ஆகும் கூடுதல் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது 47.4 சதவீதம். கிட்டத்தட்டப் பாதி. பணக்கார நாட்டில், இலவச மருத்துவம் இருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு. சென் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்: சம்பாதிக்க முடியாமல் போவது ஒரு குறை, சம்பாதித்ததை வாழ்க்கையாக மாற்ற முடியாமல் போவது இன்னொரு குறை. நம் வருமானப் படிக்கட்டு முதல் குறையை மட்டும் பார்க்கிறது.

முதல் குறையையும் முழுசாகப் பார்ப்பதில்லை என்பதுதான் என் எண்ணம். அந்த அம்மா முன்பு தொழிலுறப்பு வேலைக்குப் போனவர். நூறு நாள் வேலையைக் கேரளப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 2025-26க்கு நாளுக்கு 369 ரூபாய். அது இல்லாத நாளில் காய்கறித் தோட்டத்துக்குப் போவார். பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு பையனைத் தூக்க ஆளில்லாமல் நின்றுவிட்டார். அந்தக் கூலி எந்தப் பட்டியலிலும் கழிவாக வராது. பராமரிக்கிறவருக்கென்று ஆஸ்வாசகிரணம் திட்டம் இருக்கிறது, மாதம் 600 ரூபாய். இரண்டு நாள் கூலிகூட இல்லை.

அடுத்து, பென்ஷனே வருமானத்தில் சேர்ந்துவிடுகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அந்தக் கொழிஞ்சாம்பாறை வீட்டை அப்படியே தூக்கி நகரியில் வைத்தால் பையனின் 2,000, ஆறாயிரமாகிவிடும். பாட்டியின் 2,000, நாலாயிரமாகும். மொத்தம் 26,000. பையன் படுத்த படுக்கை என்று மருத்துவக் குழு எழுதினால் 15,000, மொத்தம் 35,000. உதவி வாங்கியதாலேயே அந்த வீடு இரண்டு மூன்று படி ஏறிவிட்டது. அப்புறம் ஒருவர் பட்டியல் போட்டு, “பாருங்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள் நடுத்தரக் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள்” என்பார். தொகை பெரிதாகப் பெரிதாக, வாங்குகிறவர் ஏழை இல்லாதவராகத் தெரிவார். கையைக் கொடுத்துக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்டு, இவன் கரையில்தானே நிற்கிறான் என்று கேட்பது போல.

பிரிட்டனில் இந்தக் குழப்பம் முன்பே வந்தது. அங்கே 1992 முதலும், புதிய வடிவில் 2013 முதலும் தரும் மாற்றுத்திறனாளி உதவிக்கு வருமானச் சோதனையே இல்லை, கூடுதல் செலவை ஈடுகட்டத்தான் அது. ஆகவே எல்லாப் படியிலும் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அந்தத் தொகையை வருமானமாக எண்ணினால் கடைசிப் படியில் குறைந்து, அதற்கு மேலே உள்ள படிகளில் கூடித் தெரிவார்கள். அதனால்தான் அவர்களுடைய அரசுப் புள்ளிவிவரம், இந்த உதவிகளைக் கழித்துவிட்டும் ஒரு கணக்கைத் தனியாக வெளியிடுகிறது. அமெரிக்காவில் இரண்டு பாதை. சம்பளத்தில் பிடித்த காப்பீட்டிலிருந்து வருவது ஒன்று, அதற்கு வீட்டு வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். ஏழைகளுக்கென்று இன்னொன்று. அதில் தனியாள் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது, 1989இலிருந்து அதே வரம்பு. இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துப் பரவலைக் காட்டினால், நடுப்படியில் இருக்கிறவர் முதல் பாதை, கீழே இருக்கிறவர் இரண்டாம் பாதை என்பது தெரியாமலே போகும்.

“குடும்பம்” என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், காது கேட்காது, பேச வராது, 38 வயது. அப்பா அம்மா போன பிறகு தம்பி வீட்டில் இருந்தார். தம்பிக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. ரேஷன் கார்டில் எல்லாரும் ஒன்று. தம்பியின் சம்பளத்தைக் காட்டி அக்காவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர் தையல் தைத்துச் சம்பாதிப்பது மாதம் ஆயிரம்கூட இல்லை. கடைசியில் பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பைத் தனி வீடாக்கி, நம்பர் வாங்கி, கார்டைப் பிரித்தார்கள். இப்போது அவர் தனிக் குடும்பம், பென்ஷன் வருகிறது. சாப்பாடு பழையபடி தம்பி வீட்டு அடுப்பில்தான். பட்டியலில் அவர் கடைசிப் படி. போன வருடம் வரை நடுப்படி, பென்ஷன் இல்லாதவர். அவர் வாழ்க்கையில் மாறியது ஓர் அட்டை மட்டும். இப்படிப் பிரிந்த கார்டுகள் எல்லைப் பக்கம் நிறைய இருக்கும். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். தன் பெயரில் ஒரு பைசா இல்லாத பெண்ணை, தம்பியின் சம்பளத்தை வைத்து வசதியானவர் என்று எழுதிய விதிதான் முதலில் தப்பு செய்தது.

அந்தப் பெண் முதல் மாதப் பணத்தில் என்ன வாங்கினார் தெரியுமா? தம்பி மகளுக்கு ஒரு பாவாடைத் துணி. வெட்டித் தைத்ததும் அவரே. அதுவரை அந்த வீட்டில் அவர் யாருக்கும் எதுவும் வாங்கித் தந்ததில்லை. வருமானம் வீட்டுக்கு, உதவி ஆளுக்கு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இந்தப் பாவாடையும் ஒரு காரணம்.

உங்கள் தெரு மாடிவீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு மாடிவீடு இருக்கிறது. துபாயில் பதினொரு வருடம் இருந்து கட்டியது. ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் வருடம் அவர் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. கீழே வாசலில் சாய்வுப் பலகை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு. தான் கட்டிய மாடிக்கு அவர் ஆறு வருடமாக ஏறியதில்லை. மாடியை வாடகைக்கு விட்டு, அந்த 4,500தான் வீட்டு வரவில் நிரந்தரமானது. நகைகள் சொஸைட்டியில் அடகு. தெருவிலிருந்து பார்த்தால் டைல்ஸ் ஒட்டிய மாடிவீடு. இவருக்குப் பென்ஷன் போவதைத் தவறு என்று சொல்ல என்னால் முடியாது. சொத்து என்பது முன்னாள் வருமானம். விபத்து நடந்தது அதற்குப் பிறகு.

இப்படி எல்லா மாடிவீடும் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே வசதியாக இருந்துகொண்டு, 40 சதவீதம் என்று எழுதி வாங்கி எடுக்கிறவர்களும் உண்டு. அதைச் சான்று கொடுக்கும் இடத்தில் சரிபார்க்கட்டும். ஆனால் சரிபார்க்கும்போது படுக்கையில் இருப்பவரை மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், சோதிக்கிறவர் வீட்டுக்குப் போகட்டும். உங்கள் ஊரில் ஒன்றாம் தேதி வீட்டு வாசலில் பென்ஷன் கொடுக்க ஆள் வருகிறார்கள். கொடுக்க வர முடிகிறது என்றால் பார்க்கவும் வர முடியும்.

நீங்கள் தெருக் கணக்கு எடுக்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். எடுங்கள் தம்பி, நல்ல காரியம். வருமானத்தைப் பென்ஷனைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை எழுதுங்கள். அந்த ஒருவருக்காக மட்டும் மாதம் என்ன செலவு என்று வரிவரியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் “என்னமோ ஆகுது” என்றுதான் சொல்வார்கள். அவருக்காக வேலையை விட்டது யார், முன்பு எவ்வளவு கூலி என்று கேளுங்கள். கார்டு எப்போது பிரிந்தது என்று கேளுங்கள். கேள்வியைக் குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பணம் யார் கையில் வருகிறது, அதில் உங்களுக்கென்று ஏதாவது வாங்கிக்கொள்கிறீர்களா என்று அவரையே கேளுங்கள்.

அப்புறம், பென்ஷன் வாங்கும் மூன்று வீட்டோடு நிறுத்தாமல் தெரு முழுக்க எல்லாக் கதவையும் தட்டுங்கள். நான் ஒரு தடவை நாற்பது வீட்டுத் தெருவில் கணக்கெடுத்தபோது, “எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை” என்று சொன்ன ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது, உள்ளறையில் யாரோ தட்டைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. சான்று எடுக்காத ஒரு பெண், 19 வயது. அவருக்கு எழுதிய விண்ணப்பம்தான் நான் எழுதிக் கொடுத்த முதல் விண்ணப்பம்.